சிங்கப்பெருமாள் கோவில் வரை சைக்கிளில்

முரளி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஏழு பக்கம்! பம்பாய்க்குப் போன இரண்டு வருஷத்தில் நீ எழுதியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தாலும் ஏழு பக்கம் தேறாது. 'சாப்பாடு பரவாயில்லை, ரயிலில் கூட்டம், வேலை அதிகம்' என்று மூன்று வரியில் முடிக்கிறவன், அம்மா கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குக் காட்டு வழியாக நடக்கப் போகிறாள் என்று அப்பா போனில் வாய் தவறிச் சொன்னதும் இப்படி எழுதிக் குவித்திருக்கிறாய். நாற்பத்தொன்பது வயசு, நுரையீரலில் தழும்பு, மூன்று நாள் நடை, நடுவில் ஏதாவது ஆனால் டாக்டர் எங்கே, தூக்கிக்கொண்டு வர யார் என்று ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாய். 'தயவுசெய்து போக வேண்டாம்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டதில் பேப்பரே கிழிந்திருக்கிறது. அப்பா அதைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்தார். முதல் இரண்டு பக்கம் சிரித்துக்கொண்டே படித்தவர், நாலாவது பக்கத்துக்கு மேல் மனசுக்குள் படிக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பையன் சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லையே" என்றார்.

நான் போகத்தான் போகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கம் வரை நீ தவிக்க வேண்டாம். ஆனால் 'ஏன்' என்று நீ கேட்டதற்கு ஒழுங்கான பதில் சொல்லாமல் கிளம்ப எனக்கு மனசு வரவில்லை. அந்த ஏழு பக்கத்தில் இருக்கிற பயம் உனக்குத் தானாக வந்தது இல்லை. நான் போட்ட விதை. உனக்குப் பத்து, பதினொரு வயசில் நடந்ததில் பாதி உனக்கு ஞாபகம் இருக்கும். மீதிப் பாதியை உனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும் சொல்லக் கூச்சமாக இருந்தது. இன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டிருக்கிறேன். அப்பா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார். நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

நாம் அஸ்தினாபுரத்துக்குக் குடிவந்த புதிதில் ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. ஆபீஸில் என் பக்கத்து நாற்காலி ஸ்டெல்லா ஆன்ட்டி. இரண்டு பேரும் ஆளுக்கொரு லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க ஆபீஸ் போய் வந்தோம். பஸ் ஓட ஆரம்பித்த திங்கட்கிழமை காலையில் ஸ்டாப்பில் நிற்கும்போது இரண்டு பேர் முகத்திலும் களையே இல்லை. "அடியே, பஸ் ஸ்ட்ரைக்கை முடிச்சது யாருடி?" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே திருநீர்மலைக்குக் கிளம்பிவிட்டோம். அப்புறம் குன்றத்தூர், வண்டலூர், ஒருதரம் முட்டுக்காடு வரைக்கும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு பெண்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிள் மிதித்தால் அந்தக் காலத்தில் லாரிக்காரன்கூடத் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பான். பெருங்களத்தூர் டீக்கடையில் ஒருத்தர், "இன்னாம்மா, ரேஸா?" என்று கேட்டார். "ஆமாங்க, ஆனா யாரு ஓட்டினாலும் நாங்க ரெண்டு பேரும்தான் ஃபர்ஸ்ட்டு" என்றாள் ஸ்டெல்லா. நீ என் கேரியரில், கால் சக்கரத்தில் சிக்காமல் இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு, என் இடுப்பைப் பிடித்தபடி வழிநெடுக எதையாவது கேட்டுக்கொண்டே வருவாய். ஏரிக்கரை வந்தால் இறங்கி ஓடுவாய். அடுத்தது சிங்கப்பெருமாள் கோவில் என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தோம். உனக்குச் சாமி முக்கியம் இல்லை, கோவிலுக்கு மேலே இருக்கிற குன்றுதான் முக்கியம். மழை விடட்டும், போகலாம் என்றேன்.

மழை விட்டது. என் இருமல் விடவில்லை. மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடித்தேன், மிளகுக் கஷாயம் குடித்தேன். சாயங்காலமானால் உடம்பு கணகணக்கும், காலையில் சரியாகிவிடும். ரவிக்கை எல்லாம் தோளை விட்டு நழுவ ஆரம்பித்தது. ஸ்டெல்லா திட்டித் திட்டி இழுத்துக்கொண்டு போனதில்தான் எக்ஸ்ரே எடுத்தேன். வலது பக்கம் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டிருந்தது. டி.பி. என்றார்கள். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் நான் கேட்ட முதல் கேள்வி உன்னைப் பற்றித்தான். உனக்கு எக்ஸ்ரே, ஊசி எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். உனக்குச் சளி பிடித்திருக்கிறது, அதற்கு டெஸ்ட் என்று சொன்னோம். உனக்கு ஒன்றும் இல்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்த அன்றைக்குத்தான் நானும் அப்பாவும் அந்தத் தப்பைச் செய்தோம்.

உன்னைத் திருச்சியில் சித்தி வீட்டுக்கு அனுப்பியது தப்பு இல்லை. அதைச் செய்யத்தான் வேண்டியிருந்தது. ஆனால் உன்னிடம் என்ன சொல்லி அனுப்பினோம்? அம்மாவுக்கு ஆபீஸில் ட்ரெயினிங், டெல்லிக்குப் போகிறாள், ஒரு வருஷம் ஆகும் என்று. அந்த வியாதியின் பெயரைச் சொன்னால் தெருவில் ஒருத்தரும் வாசல்படி மிதிக்க மாட்டார்கள் என்று பயந்தோம். குழந்தை வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனால் போதுமே. அதனால் உனக்கும் சேர்த்துப் பொய். நான் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்து ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்துக்கொண்டு, இன்லேண்ட் லெட்டரில் மேலே 'புது டெல்லி' என்று எழுதி, உனக்குக் குதுப் மினாரையும் செங்கோட்டையையும் வர்ணித்தேன். வார்டுக்கு யாரோ கொண்டுவந்து போட்டிருந்த பழைய பத்திரிகையில் பார்த்த படங்கள் அவை. குளிர் தாங்கவில்லை, இரண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன் என்று எழுதும்போது இங்கே வியர்வையில் தலையணை உறை நனைந்திருக்கும். அதை நினைத்துச் சிரித்துக்கூட இருக்கிறேன். நல்ல அம்மாவாக இருக்கிறேன் என்று நினைப்பு.

ஆஸ்பத்திரியைப் பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை. தினம் ஊசி, ஒரு பிடி மாத்திரை. முதல் நாள் மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து அலறி நர்ஸைக் கூப்பிட்டேன். "மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், போய்ப் படுங்க" என்றார். ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரங்கள், அதற்கு அப்பால் மின்சார ரயில் போகும் சத்தம். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நடந்தால் மூச்சு இரைக்கும். ஒருநாள் டாக்டரம்மாவிடம், "நான் இனிமே சைக்கிள் ஓட்ட முடியுமா?" என்று கேட்டேன். என்னைச் சுற்றிப் படுத்திருந்தவர்கள் வீட்டைப் பற்றியும் புருஷனைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வி. அவர் சிரிக்கவில்லை. "மருந்தை ஒருநாள்கூட விடாம சாப்பிட்டீங்கன்னா எல்லாம் முடியும். அவசரப்படாதீங்க" என்றார். நான் ஒருநாள்கூட விடவில்லை.

நாலு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தேன், மருந்து மட்டும் தொடர்ந்தது. நாங்கள் எவ்வளவு மறைத்தும் தெருவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு மாமி காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே நலம் விசாரித்தாள். அந்த வாரமே ஸ்டெல்லா வந்தாள். நான் பாதி குடித்த காப்பி டம்ளரை எடுத்து அவள் மிச்சத்தைக் குடித்துவிட்டாள். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். "டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான்டி வந்தேன், இனிமே ஒட்டாதாம். எச்சில் பாத்திருந்தா நம்ம சிநேகிதம் எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றாள். அத்தனை மாதத்தில் நான் முதல்முறையாக அழுதது அப்போதுதான்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் நீ திருச்சியிலிருந்து வந்தாய். ஒரு சாண் வளர்ந்திருந்தாய். ஓடி வருவாய் என்று வாசலில் நின்றேன். நீ செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாய். பிறந்ததிலிருந்து 'நீ, வா, போ' என்றுதான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். சித்தி நல்ல மரியாதை கற்றுக்கொடுத்திருக்கிறாள் என்று அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்கு யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருந்தது. டெல்லியைப் பற்றி நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேள்வி கேட்டே என்னைக் கொல்லுகிற பிள்ளை.

வீட்டில் அப்போது எனக்கு எல்லாமே தடை. குடம் தூக்கக்கூடாது, மொட்டை மாடிக்கு ஏறக்கூடாது, சித்திரை வெயிலிலும் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்ள வேண்டும். மருந்து எல்லாம் முடிந்து, குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் அப்படித்தான். என் சைக்கிளை அப்பா வீட்டைவிட்டே அகற்றிவிட்டார். எங்கே என்று கேட்டால், "இருக்கு, இருக்கு" என்பார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. உடம்பு தேறிவிட்டது என்று காகிதம் சொல்கிறது, ஆனால் வீட்டில் எல்லாரும் என்னைக் கண்ணாடி ஜாடி மாதிரி எடுத்து எடுத்து வைக்கிறார்கள். கொஞ்ச நாளில் எனக்கே நான் கண்ணாடிதான் என்று தோன்ற ஆரம்பித்தது. நோயைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆபீஸில் மறுபடி சேர்ந்த பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பும்போது பஷீர் பாயின் சைக்கிள் கடையைக் கடந்தேன். நீ அரை சைக்கிள் வாடகைக்கு எடுப்பாயே, அதே கடை. "இன்னா தங்கச்சி, ஆளே காணோம்? உன் வண்டி உள்ளதான் கீது, தெரியுமா?" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரோரம் என் பச்சை சைக்கிள், மேலே சாக்கு போர்த்தி. "சார் வந்து வித்துடு பாய்னு சொல்லிக்கினு போனாரு. ரெண்டு பேர் கேட்டும் பார்த்தாங்க. ஓட்டுறவ உசுரோட இருக்கச்சொல்லோ அவ வண்டிய எப்படி விக்கிறது? நீ வருவேன்னு வெச்சிக்கினு கீறேன்" என்றார். அன்றைக்கே இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு சுற்று ஓட்டினேன். பத்து மிதி மிதிப்பதற்குள் கால் நடுங்கியது. இறங்கி நின்று மூச்சு வாங்கினேன். முகத்தில் சிரிப்பு மட்டும் நிற்கவே இல்லை. "இன்னிக்கு இது போதும். நாளைக்கு இன்னொரு சுத்து" என்றார் பாய்.

அப்படித்தான் என் இரண்டாவது பொய் ஆரம்பித்தது. சனிக்கிழமை ஆபீஸில் அரை நாள்தான். வீட்டில் முழு நாள் என்று சொல்லிவிட்டுப் பாய் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். முதலில் தெருமுனை, அப்புறம் செம்பாக்கம். ஒரு சனிக்கிழமை ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் வரைக்கும் போய்விட்டேன். திரும்பி வரும்போது ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் நீ நிற்கிறாய், தோளில் புத்தகப் பை. கணக்கு டியூஷன் முடிந்து அந்த வழியாக வந்திருக்கிறாய்.

"ஆபீஸ்னு சொல்லிட்டுத்தானே போனீங்க?" என்றாய்.

"ஆமாடா கண்ணா…"

"அப்பவும் டெல்லின்னு சொன்னீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ என்னைப் பார்க்காமல், ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "லெட்டர் மேல முத்திரை இருந்துச்சு. தாம்பரம் சானடோரியம்னு. நாலு மாசமா எல்லா லெட்டர்லயும் அதேதான். நம்ம குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன். இங்கேயே இருந்துக்கிட்டு என்னை மட்டும் அங்க விட்டுட்டீங்க."

வார்டு ஆயாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னவள் நான்தான். முத்திரை என்று ஒன்று இருப்பதே என் புத்திக்கு எட்டவில்லை, முரளி. பத்து வயசுப் பிள்ளை, முதல் கடிதத்திலேயே கண்டுபிடித்து, என்னை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள் என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, ஒரு வருஷம் அதை மனசிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். "சித்திகிட்ட கேட்டிருக்கலாமேடா?" என்றேன். நீ சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "கேட்டா நீங்க எழுதறதையும் நிறுத்திடுவீங்கன்னு கேக்கல."

அந்தக் கரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வியாதியின் பெயரைச் சொன்னேன். உனக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அனுப்பினேன் என்றேன். நீ யோசித்துவிட்டு, "இப்ப ஒட்டுமா?" என்றாய். "ஒட்டாது, குணமாயிடுச்சு." "செத்துப் போயிருப்பீங்களா?" இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அதையும் பொய்யாகச் சொன்னால் இனி உன் முகத்தில் விழிக்க முடியாது என்று தோன்றியது. "போயிருக்கலாம். ஆனா போகல" என்றேன். "அப்புறம் ஏன் சைக்கிள் ஓட்டறீங்க?" "நான் நல்லா ஆயிட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எனக்கே அது தெரிய வேண்டாமா?" நீ எழுந்து, என் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, "நான் தள்ளிட்டு வரேன், நீங்க நடந்து வாங்க" என்றாய். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்து, "சிங்கப்பெருமாள் கோவில் போகலாம்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாய்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அது நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பு, ஆனால் பெரியவள் நான், பங்கு எனக்குத்தான் அதிகம். ஸ்டெல்லாவும் வந்து சேர்ந்தாள். நீ பாய் கடை அரை சைக்கிளில், நாங்கள் எங்கள் வண்டிகளில். ஒரு வாரம் கேம்ப் ரோடு, அடுத்த வாரம் தாம்பரம் ரயில்வே கேட். கேட் சாத்தியிருந்தால் எல்லாரும் கேட்மேனைத் திட்டுவார்கள், நான் மட்டும் மனசார வாழ்த்துவேன். ஒரு கூட்ஸ் வண்டி வந்தால் போதும், நாலு நிமிஷம் ஓய்வு. அப்படியே ஒரு மாதத்தில் பெருங்களத்தூரைத் தாண்டினோம். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. 'அவசரப்படாதீங்க' என்று டாக்டரம்மா சொன்னதை மறந்தேன். புரட்டாசி வெயிலில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சிங்கப்பெருமாள் கோவிலுக்கே கிளம்பிவிட்டோம்.

வண்டலூர் மிருகக்காட்சிசாலையைத் தாண்டும்வரை பேசிக்கொண்டுதான் போனேன். ஊரப்பாக்கத்தில் பேச்சு நின்றது. கூடுவாஞ்சேரிக்கு முன்னால் எதிர்க்காற்று. நெஞ்சுக்குள் யாரோ துணியை முறுக்கிப் பிழிவது மாதிரி இருந்தது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஒரு புங்க மரத்தடியில் சாய்ந்ததுதான் தெரியும், கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்டெல்லா என் காலைத் தேய்க்கிறாள். நீ என் முகத்துக்கு நேரே குனிந்து, "அம்மா, எழுந்திருக்காத! நீ அப்படியே படு, நான் போய்த் தண்ணி கொண்டு வரேன். நீ எங்கயும் போயிடாத!" என்று கத்தினாய். அந்த நிலைமையிலும் எனக்குக் கேட்டது. பதினாலு மாதம் கழித்து என்னை நீ 'நீ' என்று கூப்பிட்டாய். நீ ஓடிப் போய்த் தண்ணீரோடு வருவதற்குள் எனக்குப் பாதி மூச்சு திரும்பிவிட்டது.

செங்கல் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டெம்போக்காரர் எங்களையும் மூன்று சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது தலைமுதல் கால்வரை செங்கல் தூசி. அப்பா வாசலில் நிற்கிறார். எதை மறைப்பது? உன்னைக் குளிக்க அனுப்பிவிட்டு அவர் என்னிடம் பேசினார். அதை நீ கேட்கவில்லை, இப்போது சொல்கிறேன். "நாலு மாசம் அந்த வார்டு வாசல் பெஞ்சுல உக்காந்திருந்தது நீ இல்ல, நான். உள்ளேருந்து யாராவது வேகமா வெளிய வந்தா என் உயிர் போய் உயிர் வரும்" என்றார். "உங்களைக் கேட்டா வேண்டாம்னுதானே சொல்வீங்க" என்றேன். "சொல்வேன்தான். வேண்டாம்னு சொல்லிட்டு, கூடவே வந்து பாத்துக்கிட்டும் இருப்பேன். அந்தச் சான்ஸைக்கூட நீ எனக்குக் குடுக்கலையே" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருதரம்தான். எனக்கு வந்த நோய் அவரையும் ஒரு வருஷம் படுக்கப் போட்டிருந்தது. அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், படம் எடுத்தார், என்னைத் திட்டினார். பிறகு, "தாராளமா போங்க. ஆனா வெயில்ல வேண்டாம், விடியக்காலைல கிளம்புங்க. மூச்சு வாங்கினா நில்லுங்க. நின்னா தோத்துட்டோம்னு நெனைக்காதீங்க" என்றார். அப்பா ஒரு மாணவன் மாதிரி அதையெல்லாம் பாக்கெட் டைரியில் எழுதிக்கொண்டார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி விலகாத நேரத்தில் கிளம்பினோம். அப்பாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது உனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவர் ரயிலில் வந்தார். ரோடும் தண்டவாளமும் பக்கத்தில் பக்கத்தில் போகிற இடமாகப் பார்த்து, செங்கல்பட்டு வண்டியின் கதவருகே நின்று, பூப்போட்ட துண்டை ஆட்டிக்கொண்டே எங்களைக் கடந்து போனார். "அப்பா! அப்பா!" என்று நீ அரை சைக்கிளின் மேல் எழும்பி நின்று கத்தினாய். கூடுவாஞ்சேரியில் இறங்கி, ரோட்டோரம் ஃபிளாஸ்கில் காப்பியோடு காத்திருந்தார். என் நாடியைப் பிடித்துப் பார்த்தார், எண்ணத் தெரியாமல் விட்டுவிட்டார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். அடுத்த ரயிலில் அவர் போனார், பின்னாலேயே நாங்கள். பொத்தேரியைத் தாண்டியதும் ஒரு சின்ன ஏற்றம். இறங்கித் தள்ளினேன். வெட்கப்படவே இல்லை. நீயும் இறங்கி என்னோடு தள்ளினாய்.

கோவில் வாசலில் அப்பா எங்களுக்கு முன்பே அர்ச்சனைத் தட்டோடு நின்றிருந்தார். செருப்புக்கும் சைக்கிளுக்கும் ஸ்டெல்லா ஆன்ட்டி காவல். பட்டர் தீபத்தைத் தூக்கிக் காட்டி, நரசிம்மரின் நெற்றியில் நாமத்தை விலக்கி மூன்றாவது கண்ணைக் காட்டினார். அப்பா அப்படிக் கையெடுத்துக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. உனக்கு வெளியே போக அவசரம். பிறகு நாலு பேரும் குன்றைச் சுற்றி நடந்தோம். பாறையும் முள்ளும் காலை வெயிலும். மூச்சு வாங்கியது, நின்றேன். மறுபடி நடந்தேன். அந்தச் சமயத்தில் நான் அழுதிருக்க வேண்டும், ஆனால் எனக்குப் பசித்தது. அப்படி ஒரு பசி! நோய் வந்த நாளிலிருந்து வாயில் வைத்ததெல்லாம் மருந்தாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எலுமிச்சம்பழ சாதத்தை மூன்றாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். உன் பங்கையும் சேர்த்து. நீ சண்டைக்கு வந்தாய்.

திரும்பும்போது சைக்கிள்களோடு ரயிலில் காய்கறிக் கூடைக்காரர்கள் பெட்டியில் ஏறினோம். கீரைக் கட்டுகளுக்கு நடுவில் நாம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஓர் அம்மா, "இன்னா சார், குடும்பமே சைக்கிள் யாவாரமா?" என்று கேட்டார். "இல்லம்மா, இவங்க ஊர் சுத்துறாங்க. நான் சாப்பாடு சப்ளை" என்றார் அப்பா. பெட்டியே சிரித்தது.

அடுத்த மாதமே அப்பா பஷீர் பாயிடம் சைக்கிள் கற்றுக்கொள்ளப் போனதும், முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்ததும், பிறகு நாம் வேடந்தாங்கல் வரை போனதும் உனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நீ எங்களோடு வருவதை நிறுத்திவிட்டாய். படிப்பு என்று நினைத்தேன். ஆனால் நீ கேஸ் அடுப்பை மூன்று முறை பார்த்துவிட்டுப் படுப்பதையும், நான் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் தெருமுனையில் நிற்பதையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏழு பக்கமும் படித்த பிறகு எனக்குப் புரிந்தது. மரத்தடியில் நான் கிடந்தபோது, 'எங்கயும் போயிடாத' என்று சொன்ன அதே பிள்ளைதான் இதையும் எழுதியிருக்கிறான். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. மறைத்து மறைத்து அதை வளர்த்தவள் நான்தான். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், முரளி. பதின்மூன்று வருஷம் தாமதமாக.

அதனால் இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. போன மாதம் எக்ஸ்ரே எடுத்தேன். பழைய தழும்பு பழைய இடத்திலேயே இருக்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை. ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும். மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுப்பேன். கூட வருகிறவர்கள் பதினொரு பேர், வழி தெரிந்த ஆள் ஒருவர் உண்டு, ஸ்டெல்லா ஆன்ட்டியும் வருகிறாள். பாதியில் முடியவில்லை என்று தோன்றினால் திரும்பிவிடுவேன். எனக்குத் திரும்பத் தெரியும். அட்டைக்கும் குளிருக்கும் எனக்கே கொஞ்சம் பயம்தான். ஆனால் முழுசாகத் தேறி வந்தவள் நான். தேறி வந்த உடம்பை வீட்டில் பூட்டி வைப்பதற்காக அத்தனை ஊசி போட்டுக்கொள்ளவில்லை. உனக்கும் ஒருநாள் ஏதாவது ஒரு கஷ்டம் வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தால் வைத்தியம் பார், மறைக்காதே, பக்கத்தில் இருப்பவரைக் கேள். சரியான பிறகு வெளியே போ. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் ரயில் ஏறுகிறோம். திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்குள் மூணாறிலிருந்து உனக்குப் போன் செய்வேன். அதுவரை பயமாக இருந்தால் பயந்துகொள், அதைத் தடுக்க என்னால் ஆகாது. ஆனால் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே? வெளியே இறங்கு. உன் ஊரிலும் கடல் இருக்கிறது, குன்று இருக்கிறது. கால் வலிக்கும்வரை நட, மூச்சு வாங்கினால் நில், மறுபடி நட. திங்கட்கிழமை நான் போன் செய்யும்போது எனக்கு என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்னால், நீ எவ்வளவு தூரம் போனாய் என்று சொல்.

அம்மா